'காசுக்குப் பாசி புடிச்சிருச்சே புள்ள!' - பழைய நாணயங்களைப் பாழாக்கும் பிளாஸ்டிக் ஆல்பம்... தப்பிப்பது எப்படி?

பொங்கல் விடுமுறைக்குக் குன்னூர் போயிருந்தேன். ஐப்பசி, கார்த்திகை மழையெல்லாம் ஓய்ந்து தை பிறந்துவிட்டால், மலையில் பளிச்சென்று வெயில் அடிக்கும். அந்த வெயிலுக்காகவே காத்திருந்து, கம்பளி, ஸ்வெட்டர், பழைய புடவை என்று டிரங்குப் பெட்டியில் இருப்பதையெல்லாம் வாசலில் காயப்போடுவது அம்மாயியின் வழக்கம். அம்மாவைப் பெற்ற பாட்டியை எங்கள் வீட்டில் அம்மாயி என்றுதான் கூப்பிடுவோம்.

பெட்டியின் அடியில் இருந்து ஒரு நீல நிற ஆல்பம் வந்தது. பார்த்ததுமே எனக்குச் சந்தோஷம். எட்டாம் வகுப்பு படிக்கும்போது ஊட்டி மலர்க் கண்காட்சி சமயத்தில் கடைவீதியில் நான் ஆசையாக வாங்கியது அது. அம்மாயி ஒரு தேயிலை டின்னில் துணி சுற்றி வைத்திருந்த சிலோன் காசுகளை, "இப்படி வெச்சா கெட்டுப்போகும்" என்று பெரிய மனுஷி மாதிரி சொல்லி, ஒவ்வொன்றாக இந்த ஆல்பத்தின் பைகளில் சொருகியவளும் நான்தான்.

திறந்தேன். கும்மென்று ஒரு வாடை. புது மழைக்கோட்டைப் பிரித்தால் வருமே, அந்த மாதிரி. பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டியிருந்தன. காசுகளின் மேல் பச்சையாகப் பிசுபிசுப்பு.

அம்மாயி கண்ணைச் சுருக்கிப் பார்த்துவிட்டுச் சொன்னது ஒரே வரிதான். "காசுக்குப் பாசி புடிச்சிருச்சே புள்ள!"

மொத்தம் 23 காசுகள். அதில் ஒன்பதில் பச்சை. 40 வருஷம் தேயிலை டின்னில் கறுத்தாலும் சேதமில்லாமல் இருந்த காசுகள், நான் வாங்கிக் கொடுத்த ஆல்பத்தில் பன்னிரண்டு வருஷம்கூடத் தாங்கவில்லை.

சென்னைக்கு வந்ததும் இது ஏன் என்று தேடித் தேடிப் படித்தேன். நாணயம் சேர்க்கிறவர்களுக்கு இது பழைய செய்தியாம். நமக்குத்தான் தெரியவில்லை. உங்கள் வீட்டிலும் தாத்தாவின் வெள்ளி ரூபாயோ, ஓட்டைக் காலணாவோ, ஆசையாக வாங்கிய நினைவு நாணயமோ பிளாஸ்டிக் உறைக்குள் இருந்தால், இதைப் படித்து முடித்ததும் ஒருமுறை எடுத்துப் பார்த்துவிடுங்கள்.

அந்தக் காசுகள் எங்கிருந்து வந்தன?

1964 அக்டோபர் 30 அன்று இந்தியப் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்கவும் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். இலங்கையில் நாடற்றவர்களாக இருந்த இந்திய வம்சாவளித் தமிழர்களில் 5,25,000 பேரை இந்தியா ஏற்றுக்கொள்வது, 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை தருவது என்று முடிவானது. காகிதத்தில் அது எண்ணிக்கை. தோட்டத்து லயங்களில் அது குடும்பங்களைப் பிரித்தது. அண்ணனுக்கு இந்தியா, தம்பிக்கு இலங்கை என்று ஆன வீடுகள் உண்டு.

வந்தவர்களில் பலருக்கு வேலை கொடுக்க, தமிழக அரசு 1968-ல் நீலகிரியில் தேயிலைத் திட்டம் ஒன்றைத் தொடங்கியது. அதுதான் பின்னாளில் 'டான்டீ' என்று எல்லோரும் சொல்லும் தமிழ்நாடு தேயிலைத் தோட்டக் கழகம். கூடலூர், கோத்தகிரி, குன்னூர் பக்கங்களில் இன்றைக்கும் 'சிலோன்காரங்க' என்று சொல்லப்படும் குடும்பங்கள் அப்படி வந்தவர்கள்தான்.

அம்மாயி 1971-ல் வந்தார். ஹட்டன் ஸ்டேஷனில் ரயில் ஏறி, தலைமன்னாரில் கப்பல் பிடித்து, ராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் முகாம் வழியாக மலைக்கு வந்து சேர்ந்த கதையை நான் நூறு தடவை கேட்டிருக்கிறேன். டின்னில் இருந்த காசுகள் அந்தப் பயணத்தில் செலவாகாமல் மிஞ்சியவை. பனைமரம் போட்ட ஒரு சதச் செப்புக் காசு, பூ மாதிரி விளிம்பு வளைந்த பத்து சதம், எடையே தெரியாத அலுமினிய இரண்டு சதம், ஓரம் மழுங்கிய சதுர ஐந்து சதம். தமிழ் எழுத்தும் போட்ட காசுகள். 'சிலோன்' என்ற பெயரில் இப்போது நாடே இல்லை. 1972-ல் அது ஸ்ரீலங்கா ஆகிவிட்டது.

அதில் ஒரு சதுர ஐந்து சதம் மட்டும் செலவாகாமல் மிஞ்சியது அல்ல. ஹட்டன் ஸ்டேஷனில், இலங்கையிலேயே தங்கிவிட்ட அக்கா, ஓடுகிற ரயிலின் ஜன்னல் வழியாக அம்மாயியின் கையில் திணித்தது. அதற்குப் பிறகு அக்காவை அம்மாயி பார்க்கவே இல்லை.

அந்தக் காசிலும் பச்சை ஏறியிருந்தது.

குற்றவாளி பி.வி.சி.

கடைகளில் மலிவாகக் கிடைக்கும் நாணய ஆல்பங்கள் பலவற்றின் பைகள் பி.வி.சி. பிளாஸ்டிக்கால் செய்தவை. நம் வீட்டுத் தண்ணீர்க் குழாயும் பி.வி.சி.தான். ஆனால், குழாய் கல் மாதிரி இருக்கிறது, ஆல்பம் துணி மாதிரி வளைகிறதே?

அங்குதான் விஷயம் இருக்கிறது. பி.வி.சி. இயல்பிலேயே விறைப்பானது. அதை வளையவைக்க எண்ணெய் போன்ற ஒரு வேதிப்பொருளைச் சேர்ப்பார்கள். அதற்கு பிளாஸ்டிசைசர் என்று பெயர். மென்மையான உறைகளில் எடையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல்கூட இந்தப் பொருள் இருக்கலாம். இது பிளாஸ்டிக்கோடு முழுமையாக இணைந்துவிடுவதில்லை. வருஷம் போகப் போக மெல்ல மெல்ல வெளியே கசிந்து, காசின் மேல் பிசுக்காகப் படியும். ஆல்பத்தைத் திறந்ததும் வருகிற வாடை பெரும்பாலும் இதனுடையதுதான்.

அடுத்தது இன்னும் மோசம். பி.வி.சி.யில் குளோரின் இருக்கிறது. வெப்பத்திலும் வெளிச்சத்திலும் இந்தப் பிளாஸ்டிக் சிதையும்போது ஹைட்ரஜன் குளோரைடு வாயு சிறிது சிறிதாக வெளியேறும். அது காற்றில் இருக்கும் ஈரத்தோடு சேர்ந்தால் ஹைட்ரோகுளோரிக் அமிலம். உலோகத்தை அரிக்கும் அமிலத்தை, நாமே பை தைத்து, அதற்குள் காசைப் போட்டு மூடிவைத்த மாதிரிதான்.

பச்சை நிறம் தாமிரத்தால் வருவது. 'என்னிடம் இருப்பது செப்புக் காசு இல்லையே' என்று நிம்மதியாக இருக்க முடியாது. பெரும்பாலான நாணயங்களில் தாமிரம் ஒளிந்திருக்கிறது. வெள்ளையாகத் தெரியும் குப்ரோ நிக்கல் நாணயங்களில் 75 சதவிகிதம் தாமிரம். பிரிட்டிஷ் காலத்து வெள்ளி ரூபாயில் ஏறக்குறைய 8 சதவிகிதம். 1940-க்குப் பிறகு வந்த ஆறாம் ஜார்ஜ் ரூபாயில் வெள்ளியே பாதிதான். நம் நாட்டின் 100 ரூபாய் நினைவு நாணயங்கள் நீண்ட காலம் 50 சதவிகிதம் வெள்ளி, 40 சதவிகிதம் தாமிரம், மீதி நிக்கலும் துத்தநாகமும் கலந்தே வந்தன. தாமரை போட்ட மஞ்சள் 20 பைசாவும் தாமிரக் கலவைதான். அலுமினியக் காசுகளில் பச்சை வராது. ஆனால், அமிலம் அலுமினியத்தையும் அரிக்கும்.

மலையில் ஏன் சீக்கிரம்?

நீலகிரியில் தென்மேற்குப் பருவமழையும் உண்டு, வடகிழக்குப் பருவமழையும் உண்டு. கூடலூர் பக்கம் ஆனி, ஆடியில் கொட்டினால், குன்னூர், கோத்தகிரி பக்கம் ஐப்பசியில் கொட்டும். மழை இல்லாத நாளில் மூடுபனி. பீரோவில் தொங்கும் தோல் பெல்ட்டில் பூஞ்சை பூப்பதும், உப்பு ஜாடியில் தண்ணீர் நிற்பதும் மலை வீடுகளில் சகஜம். இந்த ஈரம்தான் பி.வி.சி. வெளியேற்றும் வாயுவை அமிலமாக மாற்ற உதவுகிறது.

இன்னொன்று, இரவில் கரிக் கணப்போ ஹீட்டரோ வைத்து அறையைச் சூடாக்கி, விடியற்காலையில் அது சட்டென்று குளிரும்போது, குளிர்ந்த உலோகத்தின் மேல் வியர்ப்பது போல நீர் படியும். மூக்குக் கண்ணாடி போட்டவர்களுக்கு இது நன்றாகத் தெரியும்.

சமவெளியில் இருப்பவர்கள் தப்பித்தோம் என்று நினைக்க வேண்டாம். மதுரை, வேலூர் வெயில் பிளாஸ்டிக்கைச் சீக்கிரம் சிதைக்கும். சென்னை, தூத்துக்குடியில் வெயிலோடு உப்புக் காற்றும் சேர்கிறது. உப்பிலும் குளோரைடு உண்டு.

குளோரைடு என்பது தாமிரத்துக்குப் பரம எதிரி. மண்ணிலிருந்து எடுக்கப்பட்ட செப்புத் திருமேனிகளைப் பச்சைப் பொடியாக உதிரவைக்கும் 'வெண்கல நோய்'க்குக் காரணமும் அதுதான். சென்னை எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில் 1930-லேயே வேதியியல் பாதுகாப்பு ஆய்வகம் தொடங்கப்பட்டது. சோழர் காலத் திருமேனிகள் போன்ற உலோகப் பொருட்களை இத்தகைய அரிப்பிலிருந்து மீட்பது அதன் முக்கிய வேலைகளில் ஒன்று. அருங்காட்சியகம் போராடுகிற அதே குளோரைடை, நாம் ஆல்பம் என்று காசு கொடுத்து வாங்கி வருகிறோம்.

உங்கள் ஆல்பம் எந்த ரகம்? வீட்டிலேயே பார்க்கலாம்

முகர்ந்து பாருங்கள்: புது மழைக்கோட், காற்றடிக்கும் பிளாஸ்டிக் பந்து மாதிரி வாடை வந்தால் பி.வி.சி. என்று சந்தேகப்படலாம்.

கசக்கிப் பாருங்கள்: பி.வி.சி. உறை சத்தமில்லாமல் வழுவழுவென்று வளையும். பாதுகாப்பான பாலியெஸ்டர் உறை (மைலார் என்பார்கள்) விறைப்பாக, மொறமொறவென்று சத்தம் போடும்.

தண்ணீரில் போடுங்கள்: காலியாக இருக்கும் ஒரு பையிலிருந்து சின்னத் துண்டு வெட்டி, ஒரு சொட்டு பாத்திரம் கழுவும் திரவம் கலந்த தண்ணீரில் அமுக்கி விடுங்கள். ஒட்டியிருக்கும் காற்றுக் குமிழிகளைத் தட்டி விடுவது முக்கியம். துண்டு மேலே மிதந்து வந்தால் அது பாலிஎத்திலீன் அல்லது பாலிபுரோப்பிலீன். பயமில்லை. மென்மையான துண்டு மூழ்கினால் பி.வி.சி.யாக இருக்க வாய்ப்பு அதிகம். விறைப்பான பாலியெஸ்டரும் மூழ்கும் என்பதால், கசக்கிப் பார்க்கும் சோதனையையும் சேர்த்தே செய்யுங்கள்.

எண்ணைப் பாருங்கள்: டப்பா, உறைகளில் முக்கோண அம்புக்குறிக்குள் எண் இருந்தால், 3 என்பது பி.வி.சி. தவிர்த்துவிடுங்கள். 1 பாலியெஸ்டர் குடும்பம், 2-ம் 4-ம் பாலிஎத்திலீன், 5 பாலிபுரோப்பிலீன்.

நெருப்பில் காட்டிப் பார்க்கும் சோதனை ஒன்றும் உண்டு. அதை வீட்டில் செய்ய வேண்டாம். பி.வி.சி. எரிந்தால் வருவது மூச்சுக்குக் கெடுதலான புகை.

நாணயச் சாலையிலிருந்து வந்த செட் என்றாலும் ஒரு பார்வை பார்த்துவிடுவது நல்லது. 1960, 70-களில் வெளிநாட்டு நாணயச் சாலைகள் சில, தங்கள் செட்களை மென்மையான பி.வி.சி. உறைகளிலேயே விற்றிருக்கின்றன. அப்படிப்பட்ட பழைய செட் இருந்தால், நாணயங்களைப் பாதுகாப்பான உறைக்கு மாற்றிவிட்டு, பழைய உறையையும் அட்டையையும் தூக்கிப்போடாமல் தனியாக வையுங்கள். சேகரிப்பாளர்கள் அதையும் கேட்பார்கள்.

பச்சை வந்துவிட்டதா? பதற்றம் வேண்டாம்

முதலில் செய்யக் கூடாததைச் சொல்லிவிடுகிறேன். ஏனென்றால், என் அம்மா அதைத்தான் செய்யக் கிளம்பினார். புளியும் கையுமாக!

புளி, எலுமிச்சை, விபூதி, டூத் பேஸ்ட், பித்தளை துலக்கும் பவுடர் எதுவும் காசுக்கு ஆகாது. புளியும் எலுமிச்சையும் அமிலம். அழுக்கோடு சேர்த்து உலோகத்தின் மேல்தோலையும் எடுத்துவிடும். பொடிகள் கண்ணுக்குத் தெரியாத ஆயிரம் கீறல்களைப் போடும். குத்துவிளக்கு பளபளக்கலாம். பழைய காசு பளபளத்தால், தெரிந்தவர்கள் அதன் மதிப்பைக் குறைத்துத்தான் சொல்வார்கள். காலத்தால் வந்த பழுப்பு நிறம் அழுக்கு இல்லை, அது காசுக்கு ஒரு கவசம்.

பி.வி.சி. பிசுக்கை எடுக்க உலகம் முழுக்கச் சேகரிப்பாளர்கள் பயன்படுத்துவது சுத்தமான அசிட்டோன். உலோகத்தைத் தொடாமல் பிசுக்கை மட்டும் கரைக்கும். நக பாலிஷ் ரிமூவர் வேண்டாம். அதில் வாசனையும் எண்ணெயும் இன்ன பிறவும் கலந்திருக்கும். ஆய்வகப் பொருட்கள் விற்கும் கடைகளில் சுத்தமான அசிட்டோன் கிடைக்கும்.

நான் செய்த முறை இது.

1. ஜன்னல், கதவைத் திறந்துவைத்தேன். அசிட்டோன் சட்டென்று தீப்பிடிக்கும். அடுப்பு, சாமி விளக்கு, ஊதுபத்தி எதுவும் பக்கத்தில் இருக்கக் கூடாது. குழந்தைகளையும் தள்ளி வையுங்கள்.

2. கண்ணாடிக் கிண்ணம் இரண்டு. பிளாஸ்டிக் கிண்ணம் கூடாது, சில வகைகளை அசிட்டோன் கரைத்துவிடும்.

3. முதல் கிண்ணத்தில் காசு மூழ்கும் அளவு அசிட்டோன் ஊற்றி, ஒரு காசை மட்டும் போட்டு, கண்ணாடித் தட்டால் மூடி சில நிமிடங்கள் விட்டேன். தேய்க்கவில்லை. நடுவில் ஒருமுறை புரட்டியதோடு சரி.

4. பிறகு இரண்டாவது கிண்ணத்தில் புது அசிட்டோனில் ஒரு அலசல். முதல் கிண்ணத்தில் கரைந்த பிசுக்கு மறுபடி காசில் படியாமல் இருக்க இது அவசியம்.

5. விளிம்பைப் பிடித்து எடுத்து, மெல்லிய பருத்தித் துணி மேல் வைத்தேன். தானாகவே உலர்ந்துவிடும். துடைக்க வேண்டியதில்லை.

பிசுக்கு போகவில்லை என்றால் புது அசிட்டோனில் மறுபடி ஒருமுறை. அவ்வளவுதான், அதற்கு மேல் சுரண்டக் கூடாது. வண்ணம் பூசிய நினைவு நாணயங்களை அசிட்டோனில் போட்டால் வண்ணமும் கரையலாம், கவனம். விலை உயர்ந்த காசு என்று சந்தேகம் இருந்தால், நீங்களே முயலாமல் விவரம் தெரிந்தவரிடம் காட்டிவிடுங்கள்.

ஒன்பது காசுகளில் ஏழு தேறிவிட்டன. பச்சை போய், பழைய பழுப்பு நிறம் தெரிந்தது. இரண்டில் பச்சை போன இடத்தில் ஊசியால் குத்தியது போலச் சிறு சிறு குழிகள். அமிலம் தின்ற உலோகத்தை எந்த மருந்தாலும் திரும்பக் கொண்டுவர முடியாது.

அந்த இரண்டில் ஒன்று, ரயில் ஜன்னல் வழியாக வந்த சதுர ஐந்து சதம்.

இனி எதில் வைப்பது?

நீலகிரிக்கு வருகிறவர்களுக்குத் தெரியும். தண்ணீர் பாட்டில், கேரி பேக் என்று மலைக்கு மேல் பிளாஸ்டிக்குக்குத் தடை. வழியில் சோதனைச் சாவடியிலேயே வாங்கி வைத்துக்கொள்வார்கள். அந்த ஊரில் வளர்ந்துவிட்டு, 'நல்ல பிளாஸ்டிக்' பற்றி எழுதுவது எனக்கே வேடிக்கையாக இருக்கிறது. ஆனால், நாணயத்தைப் பொறுத்தவரை நல்லதும் உண்டு, கெட்டதும் உண்டு.

பாலியெஸ்டர் (மைலார்) உறை: விறைப்பானது, தெளிவானது, கசியாது. நீண்ட காலத்துக்கு நல்லது. விளிம்பு கூர்மையாக இருப்பதால் காசை உரசாமல் மெதுவாக நுழைக்க வேண்டும்.

அட்டைச் சட்டம்: இரண்டங்குலச் சதுர அட்டையில் நடுவே மைலார் ஜன்னல் வைத்தது. காசின் பெயர், வருஷம், யார் கொடுத்தது என்று அட்டையிலேயே எழுதலாம். ஸ்டேப்ளர் பின்னைத் தட்டையாக அழுத்திவிடுங்கள். இல்லாவிட்டால் பக்கத்துக் காசைக் கீறும், மலை ஈரத்தில் துருவும் பிடிக்கும்.

கேப்ஸ்யூல்: அக்ரிலிக் அல்லது பாலிஸ்டைரீனில் வரும் கெட்டியான வட்ட டப்பா. நினைவு நாணயங்களுக்கு ஏற்றது. காசின் விட்டத்துக்குச் சரியான அளவில் வாங்க வேண்டும். ஆடினால் தேயும்.

ஆல்பமே வேண்டும் என்றால்: பாலிபுரோப்பிலீன் பக்கங்கள் உள்ளதா, 'பி.வி.சி. ஃப்ரீ' என்று போட்டிருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள். வாங்கிய பிறகும் மூக்குச் சோதனையும் தண்ணீர்ச் சோதனையும் செய்துவிடுங்கள்.

ஜிப் கவர்: பெரும்பாலும் பாலிஎத்திலீன்தான், அவசரத்துக்குப் பரவாயில்லை. ஆனால், ஈரத்தையும் சேர்த்துப் பூட்டிவிடும்.

தரம் பார்த்துச் சான்றிதழோடு வரும் கெட்டியான 'ஸ்லாப்' பெட்டிகளும்கூட முழுக்கக் காற்றுப் புகாதவை அல்ல. அதனால் எந்த உறையாக இருந்தாலும், வெளியே இருக்கும் காற்று உலர்ந்திருக்க வேண்டும்.

மலை வீட்டுக்கு ஒரு பெட்டி

உறைகளில் போட்ட காசுகளை, அடியில் 5 என்று எண் போட்ட, மூடி இறுக்கமான சாப்பாட்டு டப்பாவில் வைக்கலாம். கூடவே சிலிக்கா ஜெல். புது ஷூ, கைப்பைக்குள் சின்னப் பொட்டலமாக வருமே, அதேதான். தனியாகவும் வாங்கலாம். ஈரத்தை இழுத்துக்கொண்ட பிறகு அது வெறும் மணல் மாதிரிதான். நிறம் மாறும் வகையை வாங்கினால், எப்போது மாற்ற வேண்டும் என்று தெரியும். காசின் மேல் நேரடியாகப் படாமல் துணிப் பையில் போட்டு வையுங்கள். நிறம் மாறும் வகைகளில் சில நச்சுத்தன்மை உள்ளவை. குழந்தைகள், சமையல் பாத்திரம் இரண்டுக்கும் எட்டாமல் இருக்கட்டும்.

டப்பாவை மூடும் நாளும் முக்கியம். மூடுபனி நாளில் மூடினால் பனியையும் சேர்த்து மூடுகிறீர்கள். தை, மாசியில் நல்ல வெயில் அடிக்கும் மதிய நேரம் சரியானது. சில நூறு ரூபாயில் கிடைக்கும் ஈரப்பதமானி ஒன்றை உள்ளே போட்டு, 50 சதவிகிதத்துக்குக் கீழே இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளலாம்.

அந்த டப்பாவுக்குள் இருக்கக் கூடாதவை: ரப்பர் பேண்ட், செய்தித்தாள், பாச்சை உருண்டை, தைல பாட்டில். ரப்பரில் உள்ள கந்தகம் வெள்ளியைக் கறுக்கவைக்கும். செய்தித்தாளில் அமிலத்தன்மை உண்டு. பாச்சை உருண்டையின் ஆவியும் நீலகிரித் தைலமும் பாலிஸ்டைரீன் போன்ற சில கடினப் பிளாஸ்டிக்குகளையே இளக்கிவிடும். கம்பளிக்கு நல்லது எல்லாம் காசுக்கு நல்லது இல்லை.

டப்பாவை அடுப்படி, கணப்பு, வெளிச்சுவர் ஓரம் வைக்காமல், வீட்டின் உள்பக்க அறை பீரோவில் வையுங்கள். காசைத் தொடும்போது கையைக் கழுவித் துடைத்துவிட்டு, விளிம்பை மட்டும் பிடியுங்கள். கை வியர்வையிலும் உப்பு இருக்கிறது. வருஷத்துக்கு இரண்டு முறை திறந்து பார்த்தால் போதும். பொங்கலுக்கு ஒருமுறை, ஆயுத பூஜைக்கு ஒருமுறை என்று வைத்துக்கொண்டால் மறக்காது.

பழைய பி.வி.சி. ஆல்பத்தை என்ன செய்வது? தயவுசெய்து குப்பையோடு போட்டுக் கொளுத்தாதீர்கள். தரம் பிரித்து வாங்கும் துப்புரவுப் பணியாளர்களிடம் கொடுத்துவிடுங்கள்.

ஒரு எச்சரிக்கை

காசை வெளியே எடுத்ததும் கை சும்மா இருக்காது. 'இதற்கு எவ்வளவு கிடைக்கும்?' என்று மொபைலில் தேடுவோம். பழைய காசுக்கு லட்சம் தருகிறோம், முதலில் கமிஷன் கட்டுங்கள், வரி கட்டுங்கள் என்று ரிசர்வ் வங்கியின் பெயரையே சொல்லி ஏமாற்றுகிற கூட்டம் இருக்கிறது. தாங்கள் இதுபோன்ற வியாபாரத்தில் ஈடுபடுவதில்லை, எந்தக் கட்டணமும் கேட்பதில்லை என்று ரிசர்வ் வங்கி 2021 ஆகஸ்ட்டிலேயே அறிவித்திருக்கிறது. முன்பணம் கேட்டால் அழைப்பைத் துண்டித்துவிடுங்கள்.

எங்கள் வீட்டு சிலோன் காசுகள் சந்தையில் பெரிய விலைக்குப் போகிறவை இல்லை. லட்சக்கணக்கில் அடித்த சாதாரணக் காசுகள்தான்.

அம்மாயி என்ன சொன்னார்?

மறுபடி குன்னூர் போனபோது 23 காசுகளையும் அட்டைச் சட்டத்தில் போட்டு எடுத்துப் போனேன். ஒவ்வோர் அட்டையிலும் விவரம் எழுதியிருந்தேன். சதுரக் காசின் அட்டையில், 'ஹட்டன் ஸ்டேஷன், 1971, அக்கா கொடுத்தது'. குழி விழுந்திருப்பதைக் காட்டி, என்னால்தான் இப்படி ஆனது என்று சொல்லும்போது எனக்குக் குரல் கம்மிவிட்டது.

அம்மாயி அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு, "இதைக் கையில தா" என்றார். விளிம்பைப் பிடிக்க வேண்டும், கை உப்பு படக் கூடாது என்று நான் படித்த பாடமெல்லாம் வாய் வரை வந்தது. சொல்லவில்லை. ஸ்டேப்ளர் பின்னைப் பிரித்து எடுத்துக் கொடுத்தேன்.

உள்ளங்கையில் வைத்து மூடிக்கொண்டார். கொஞ்ச நேரம் அப்படியே இருந்தார். "அவ கொடுத்தப்ப சூடா இருந்துச்சு. ரொம்ப நேரம் கையிலயே வெச்சிருந்திருப்பா போல" என்றார்.

இதுவரை எனக்கு அம்மாயி சொல்லாத விஷயம் அது.

திருப்பிக் கொடுத்ததும் காசை அசிட்டோனில் ஒருமுறை அலசி, உலரவைத்து, புது மைலார் சட்டத்தில் போட்டு டப்பாவில் வைத்தேன். வரும் ஆயுத பூஜைக்குத் திறந்து பார்க்க வேண்டும் என்று மொபைலில் ஞாபகக் குறிப்பும் போட்டாயிற்று.

உங்கள் வீட்டுப் பரணிலும் அப்படி ஒரு ஆல்பம் இருக்கலாம். இந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு பத்து நிமிடம் ஒதுக்கி, அதை முகர்ந்து பாருங்கள். அப்படியே அந்தக் காசு எப்படி வந்தது என்று வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு, அட்டையில் எழுதியும் வைத்துவிடுங்கள்.